வாசகர் கேள்வி – பதில்: பிரேக்கரை அழுத்தினால் அடி அதிகமாகாது

பழைய வீட்டை இடித்துத் திருத்துவது பற்றிப் போன இதழில் எழுதியதிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கரன்ட் பிரேக்கர், அதாவது உளியால் கான்கிரீட்டை உடைக்கும் மின்சார மெஷின், பற்றித்தான். கொத்தனார்கள், மெஷினை வாடகைக்கு விடுபவர்கள், அதன் சத்தத்தில் தூக்கம் போன பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லா வகையும் உண்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் இருக்கிறது.

சார், நான் 11 கிலோ பிரேக்கர் ஓட்டுகிறேன். கான்கிரீட் கெட்டியாக இருந்தால் மெஷின் மேல் படுத்து அழுத்தினாலும் உடைய மாட்டேன் என்கிறது. மெஷினில் கோளாறா, எனக்கு வலு போதவில்லையா?
– பிரேக்கர் ஆபரேட்டர், அறந்தாங்கி

வலுவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. மெஷினுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அழுத்துவதை விட்டுவிடுவீர்கள். மோட்டார் சுற்றுகிறது, கிராங்க் வழியாக ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆனால் அந்த பிஸ்டன் உளியை நேராக அடிப்பதில்லை. அதே சிலிண்டருக்குள் அதற்கு முன்னால் தனியாக ஓர் இரும்புக் கட்டை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் அடைபட்ட காற்று. பிஸ்டன் காற்றை அமுக்க, அமுங்கிய காற்று கட்டையை வீச, அதன் அடி உளியின் பின்பக்கத்தில் போய் இறங்குகிறது, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல். அடியின் பலம் அந்தக் காற்றிலும் கட்டையின் எடையிலும் இருக்கிறதே தவிர உங்கள் நெஞ்சில் இல்லை. உளி குதிக்காமல் பரப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும், தரையில் வேலை என்றால் பெரும்பாலும் மெஷினின் எடையே அதைப் பார்த்துக்கொள்ளும். மேலே படுத்தால் கைப்பிடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பரும் முழுக்க அமுங்கிப்போய், அதிர்வு அப்படியே உங்கள் தோளுக்கு ஏறும். அடி ஒரு துளியும் அதிகமாகாது.

உடையவில்லை என்றால் பெரும்பாலும் உளி வைத்த இடம்தான் தப்பு. நடுவில் குத்தி ஆழமாக இறக்கப் பார்க்கிறவர்களே அதிகம். துண்டு பெயர வேண்டுமானால் அது விலகிப் போக ஒரு பக்கம் காலியாக இருக்க வேண்டும். அதனால் ஓரத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஓரமே இல்லை என்றால் முதலில் ஒரு குழி எடுத்து அதையே ஓரமாக்கிக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, காலி இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்து அடிக்க வேண்டும். சில நொடிகளில் பெயராவிட்டால் அதே ஓட்டையில் நிற்காமல் உளியை மாற்றி வையுங்கள். ஆழமாக இறக்கினால் உளி மாட்டிக்கொள்ளும். மாட்டிய உளியை மெஷினோடு சேர்த்து ஆட்டி நெம்புவதுதான் கைப்பிடி உடைவதற்கும் உளி முறிவதற்கும் காரணம். மெஷினைக் கழற்றிவிட்டு, வேறோர் உளியை மாட்டி, சுற்றிலும் உடைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். கையில் ஒரே ஓர் உளியோடு வேலைக்குப் போகாதீர்கள்.

நேற்று வரை நன்றாக அடித்த மெஷின் இன்று மெதுவாக அடிக்கிறது என்றால் அது வேறு கதை. பிஸ்டனிலோ அடிக்கட்டையிலோ இருக்கும் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்து காற்று கசியலாம். அல்லது யாரோ நல்லது செய்வதாக நினைத்து உள்ளே கிரீஸை அள்ளி அடைத்திருக்கலாம். காற்றுக்கு இடமில்லாவிட்டால் அடி எங்கிருந்து வரும்? அளவு, வகை இரண்டும் அந்தந்தக் கம்பெனி சொன்னபடி இருக்க வேண்டும், லாரிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம். கொடைக்கானல், உதகை பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: காலைக் குளிரில் கிரீஸ் இறுகியிருக்கும், கொஞ்ச நேரம் லேசான வேலை கொடுத்துச் சூடேறிய பிறகுதான் முழு அடி வரும், அது கோளாறு இல்லை.

சொந்தமாக மெஷின் வாங்கப் போகிறேன். 5 கிலோ, 11 கிலோ, 16 கிலோ என்கிறார்கள். பெரியதாக ஒன்று வாங்கினால் எல்லா வேலைக்கும் ஆகுமா?
– கொத்தனார், அரியலூர்

ஆகாது. 5 கிலோ வகை ஓர் அடிக்கு ஏறக்குறைய 8 ஜூல் (அடியின் பலத்தை அளக்கும் அலகு) கொடுக்கும், 11 கிலோ வகை 17 முதல் 25 வரை, 16 கிலோ வகை 40-ஐத் தாண்டும். டைல்ஸ் பெயர்ப்பது, பூச்சு உதிர்ப்பது, சுவரில் காடி எடுப்பது எல்லாம் 5 கிலோவின் வேலை. பாத்ரூம் தரை, லிண்டல், சாதாரண கான்கிரீட் என்றால் 11. பெரியது தரையைப் பார்த்து மட்டும் அடிக்க: ரோடு, பேஸ்மென்ட், மெஷினை உட்கார வைக்கும் கான்கிரீட் மேடை. 16 கிலோவைத் தூக்கிச் சுவரில் பிடித்து வேலை செய்பவரைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கிறது. கொத்தனார் வேலைக்கு 11 கிலோவைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு மற்றதை வாடகைக்கு எடுப்பது நல்லது.

உளியின் பின்பக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். 5 கிலோவிலும் 11 கிலோவிலும் பெரும்பாலும் எஸ்டிஎஸ் மேக்ஸ் (காடி வெட்டிய உருண்டை வகை), சிலவற்றில் 17 எம்எம் ஹெக்ஸ் (ஆறு பட்டை வகை), பெரியதில் 28 அல்லது 30 எம்எம் ஹெக்ஸ். உங்கள் ஊர்க் கடையில் எந்த உளி எப்போதும் கிடைக்கிறதோ அதற்கேற்ற மெஷினே உங்களுக்குச் சரி.

பிரேக்கரில் இரண்டு பின் பிளக்தான் வருகிறது, எர்த் இல்லை. ஷாக் அடிக்காதா? எங்கள் சைட்டில் ஒருவருக்கு அடித்துத் தூக்கிப் போட்டது, பிழைத்துக்கொண்டார்.
– சென்ட்ரிங் மேஸ்திரி, ஓசூர்

மெஷினின் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் செய்த மெஷின், அதற்கு எர்த் கம்பி கிடையாது, தேவையும் இல்லை. குறி இல்லாமல் மூன்று பின்னோடு வந்ததில் எர்த் பின்னைப் பிடுங்கிவிட்டு ஓட்டுவதுதான் கொலைபாதகம்.

சைட்டில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் மெஷினுக்குள்ளிருந்து வருவதில்லை. ஒன்று, கம்பி முனையிலும் கான்கிரீட் துண்டிலும் உரசி உரசி வயரின் தோல் கிழிந்து, அதன் மேல் டேப் சுற்றி, அந்த டேப்பும் தண்ணீரில் கிடப்பது. இன்னொன்று, உளி சுவருக்குள் ஓடும் வயரில் இறங்குவது. சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் பைப் ஓடுகிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். உடைக்கப் போகும் அறையின் லைனை அணைத்துவிட்டு வேறு மாடியிலிருந்தோ வேறு சர்க்யூட்டிலிருந்தோ மெஷினுக்குக் கரன்ட் எடுங்கள். இதில் நம் ஊரில் எல்லோரும் மறப்பது இன்வெர்ட்டர். மெயினை இறக்கிவிட்டோம் என்று தைரியமாக உளியை வைப்பார்கள், ஃபேன் லைட் லைன் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலை.

இவ்வளவு செய்த பிறகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். சாதாரண எம்சிபி (கரன்ட் அளவுக்கு மீறினால் விழும் சுவிட்ச்) வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஆளை அல்ல. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று வேலை தொடங்கும் முன் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. சைட்டில் தற்காலிக லைன் என்றால் ஆர்சிசிபி வைத்த சின்ன போர்டு ஒன்றை நீங்களே செய்து கையோடு கொண்டுபோகலாம்.

எக்ஸ்டென்ஷனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1500 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதனால் டிவிக்குப் போடும் சின்ன பிளக் பாயின்ட்டில் மாட்டக் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டுங்கள். தாமிர வயர் 1.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக் கூடாது, 50 மீட்டர் இழுப்பதென்றால் 2.5. மெல்லிய 0.75 வயரை அவ்வளவு தூரம் இழுத்தால் வழியிலேயே 17 வோல்ட் போய்விடும், மோட்டார் திணறிச் சூடாகும். டிரம்மில் சுற்றிய வயர் என்றால் முழுவதையும் பிரித்துவிடுங்கள், சுற்றியபடியே ஓட்டினால் உள்ளே உருகும்.

என் கணவர் எட்டு ஒன்பது வருடமாக இடிப்பு வேலை செய்கிறார். சாயங்காலம் வந்தால் தலையிலிருந்து கால் வரை மாவு மாதிரி தூசி. துண்டைக் கட்டிக்கொள்கிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார். இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் வேறு. பயப்பட வேண்டுமா?
– வாசகி, விழுப்புரம்

அம்மா, முதலில் நெஞ்சு எக்ஸ்-ரே. அரசு மருத்துவமனையில் நெஞ்சுநோய்ப் பிரிவு இருக்கும், அங்கே அழைத்துப் போங்கள். 'இருமல்' என்று மட்டும் சொல்லாதீர்கள், 'இத்தனை வருடமாக கான்கிரீட் உடைக்கும் வேலை' என்பதையும் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வெறும் சளி மருந்தோடு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. காசநோய்ப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள், மறுக்க வேண்டாம்.

காரணம் இதுதான். மணல், எம்-சாண்ட், கருங்கல் ஜல்லி, செங்கல் எல்லாவற்றிலும் சிலிகா இருக்கிறது. உடைக்கும்போது அது மிக நுண்ணிய பொடியாகிறது. கண்ணுக்குத் தெரிகிற பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாததுதான் நுரையீரலின் அடிப்பை வரை போய்த் தங்கித் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்கிறார்கள். வந்த தழும்பை எடுக்க மருந்து இல்லை, மேலும் ஏறாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். அது இருப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அமெரிக்காவில் தொழிலிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் எட்டு மணி நேர சராசரி 50 மைக்ரோகிராம் சிலிகா. கதவு சாத்திய பாத்ரூமில் காய்ந்த கான்கிரீட்டை உடைத்தால் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது.

துண்டு இதைத் தடுக்காது. கொரோனா காலத்து நீல நிற மாஸ்க்கும் தடுக்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 மாஸ்க், மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் போட வேண்டும். தாடி இருந்தால் இடைவெளி இருக்கத்தான் செய்யும். மாஸ்க்கை விடவும் பெரிய உதவி தண்ணீர். உடைக்கும் இடத்தை முன்கூட்டியே நனைத்துவிட்டு, சித்தாள் ஒருவர் சற்றுத் தள்ளி நின்று தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானால் உளி முனையில் மட்டும் பனி போலத் தெளித்துக்கொண்டே இருந்தால் தூசி எழும்புவது வெகுவாகக் குறையும். மெஷின் மேல் படக் கூடாது, தரையில் குளம் கட்டக் கூடாது, ஆர்சிசிபி இல்லாத லைனில் இதைச் செய்யவே கூடாது. குப்பையைக் காய்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

அவர் வேலை உடுப்பை வாசலிலேயே கழற்றட்டும். வீட்டுக்குள் உதற வேண்டாம், குழந்தைகள் துணியோடு துவைக்கவும் வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். டாக்டர் வேலையை மாற்றச் சொன்னால் தயவுசெய்து வாக்குவாதம் செய்ய வேண்டாம் என்றும் அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறது, வெந்நீரில் கை வைத்தால் சரியாகிறது. குளிராலா, மெஷினாலா?
– பிரேக்கர் ஆபரேட்டர், குன்னூர்

இரண்டும் சேர்ந்து. அதிர்வு விரலின் சின்ன ரத்தக் குழாய்களையும் நரம்பையும் கெடுக்கிறது, குளிர் பட்டதும் குழாய் சுருங்கி விரல் வெளுக்கிறது. இது புதிய வியாதி இல்லை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து பெட்ஃபோர்ட் சுண்ணாம்புக்கல் குவாரிகளில், காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களிடம் 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டர் இதையேதான் பார்த்து எழுதினார். சமவெளி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது, மதமதப்பும் ஊசி குத்துவதும்தான் இருக்கும், அதனால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள்.

ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு எவ்வளவு அதிர்வு என்று சட்டமே இருக்கிறது. அதன் கணக்குப்படி நொடி வர்க்கத்துக்கு 20 மீட்டர் (அதிர்வை அளக்கும் அலகு இது) அதிர்வு அளவுள்ள பழைய பிரேக்கரைக் கையில் பிடித்து அரை மணி நேரம் ஓட்டினாலே அன்றைய உச்சவரம்பு முடிந்துவிடும். அதிர்வு குறைக்கும் கைப்பிடி உள்ள, 10 மீட்டர் அளவு மெஷின் என்றால் இரண்டு மணி நேரம். இது விரல் டிரிகரில் இருக்கும் நேரம் மட்டும், டீ குடிக்கும் நேரம் சேராது. நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார், ஆனால் இரண்டு பேர் மாறி மாறிப் பிடிப்பது நடக்கிற காரியம்தான். மழுங்கிய உளி அதிர்வைக் கூட்டும். இறுக்கிப் பிடித்தாலும் கூடும். கையுறை குளிருக்கு நல்லது, அதிர்வுக்குப் பெரிதாக உதவாது. பீடி சிகரெட் இருந்தால் அதே ரத்தக் குழாய்கள் இன்னும் சுருங்கும். நீங்கள் சொல்லும் நிலையில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், சட்டை பட்டன் போட முடியாத நிலை வரை காத்திருக்காதீர்கள்.

ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டுப் பெரிதாக்க நினைக்கிறோம். பிரேக்கர் வைத்தால் ஒரு நாள் வேலை என்கிறார் மேஸ்திரி. 1980-களில் கட்டிய வீடு.
– வாசகர், ஈரோடு

ஒரு நாள் வேலைதான், அதில் சந்தேகமில்லை. சுவர் எத்தனை அங்குலம் என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! அந்தக் காலத்து வீடுகளில் பில்லர் போடாமல் ஒன்பது அங்குலச் சுவரின் மேலேயே தளத்தை உட்கார வைத்திருப்பார்கள். உங்களுடையது அப்படி என்றால் நீங்கள் எடுக்கப்போவது வீட்டின் காலை. நாலரை அங்குலத் தடுப்புச் சுவராக இருந்தாலும் மேலே என்ன உட்கார்ந்திருக்கிறது என்று ஓர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும், மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. அவர் சம்மதித்தால் முட்டுக் கொடுத்துவிட்டு, ஜாக்கியோ சவுக்குக் கம்பமோ, மேல் வரிசையிலிருந்து கீழே வர வேண்டும். அடியில் குடைந்து மொத்தமாகச் சாய்ப்பது வேகமான வழிதான், ஆட்கள் அடியில் சிக்குவதும் அந்த வழியில்தான்.

தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. மாடி ஒழுகுகிறது. மேல் தளத்தைப் பிரேக்கரால் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

வேண்டாம், வேண்டவே வேண்டாம். அது ஸ்லாப் இல்லை. தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு இடித்து, தட்டை ஓடு பதித்த தளம். கம்பியே கிடையாது, கல்லுக்குக் கல் பிடிப்புதான். மேலே அதிர்வு கொடுத்தால் கீழே கல் ஒவ்வொன்றாகக் கழலும், உத்திரத்தின் முனை சுவருக்குள் செல்லரித்திருந்தால் ஆளோடு இறங்கும். சின்ன சுத்தியலும் கையுளியும் வைத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கொண்டு மேலே உள்ள தட்டை ஓடுகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். முதலில் உத்திர முனைகளைச் சோதியுங்கள்.

கார்பன் இருக்கும் பக்கம் நெருப்புப் பொறி தெரிகிறது. ஓட்டலாமா?
– பிளம்பர், திண்டுக்கல்

கார்பன் என்பது சுழலும் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் சின்னக் கட்டை, அதற்கு அடியில் சின்னச் சின்ன நீலப் பொறி இயல்பு. வட்டமாகச் சுற்றி நெருப்பு வளையம் போல வந்தால் நிறுத்திவிடுங்கள், ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) போய்க்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து கார்பனைப் பாருங்கள். அதில் ஒரு கோடு இருக்கும், அதுவரை தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. அதே மெஷினுக்கான கார்பன்தான் வேண்டும், 'தேய்த்துப் போட்டுக்கலாம்' என்று கடைக்காரர் கொடுக்கும் பக்கத்து சைஸ் வேண்டாம். காற்றுப் போகும் துவாரங்களைத் தினமும் பிளோயரால் ஊதிவிடுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. உளியின் பின்பக்கத்தைத் துடைத்து மெலிதாக கிரீஸ் தடவித்தான் மாட்ட வேண்டும், இதை யாரும் செய்வதில்லை. பெரிய 65 மாடல் போன்றவற்றில் ஆயில் கண்ணாடி இருக்கும், அதில் ஆயில் தெரியவில்லை என்றால் ஊற்றாமல் ஓட்டாதீர்கள். உளியைக் கிரைண்டரில் தீட்டும்போது முனை நீலமாக மாறினால் உரம் போய்விட்டது என்று அர்த்தம், விட்டுவிட்டு, ஆறவைத்து, பழைய கோணம் மாறாமல் தீட்டுங்கள்.

கிணற்றில் பாறை. ஜெனரேட்டர் வைத்து கரன்ட் பிரேக்கரை உள்ளே இறக்கலாமா?
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

கூடாது. ஊற்று கசியும் இடத்தில் 230 வோல்ட் மெஷின் எமன். ஜெனரேட்டரை உள்ளே இறக்கினால் அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. ஒருவர் விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். டிராக்டர் கம்ப்ரஸர் வைத்து காற்றில் ஓடும் மெஷினைக் கூப்பிடுங்கள், கம்ப்ரஸர் மேலே, காற்று எடுக்கும் பக்கம் புகை போகாதபடி நிற்கட்டும்.

பக்கத்து ஃபிளாட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் உடைக்கிறார்கள். கேட்க முடியுமா?
– குடியிருப்போர் சங்கச் செயலாளர், சென்னை

தாராளமாக. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கக் கூடாது. முதலில் நேரில் சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் காவல் நிலையம். உடைப்பவருக்கும் ஒரு வார்த்தை: இந்த மெஷின் காதருகில் 100 டெசிபலை எட்டும், அந்த அளவில் பாதுகாப்பான நேரம் நாளுக்கு 15 நிமிடம்தான் என்று கணக்கு. காதில் பஞ்சு போதாது, காதுறை வேண்டும்.

வாடகைக்கு எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

வயர் முழுவதையும் கையில் உருவிப் பாருங்கள், டேப் சுற்றிய இடம் இருந்தால் வேறு மெஷின் கேளுங்கள். உளியை மாட்டி இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் அது வேலையில் காலில் விழும். பக்கக் கைப்பிடி இருக்க வேண்டும். டிரிகர் லாக் போட்டு, எடுத்துப் பாருங்கள். லாக் போட்டபடியே கரன்ட் போனால் பிளக்கை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் கரன்ட் வந்ததும் கீழே கிடக்கும் மெஷின் தானாக எழுந்து ஆடும். ரசீதில் எத்தனை உளி, எந்த நீளம் என்பதையும் எழுதி வாங்குங்கள், திருப்பிக் கொடுக்கும்போது சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.